பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு முதல் பங்கு

கொடைக்கானலில் என்னைக் கண்டதும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. பல வருடம் நான் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். என் கையால் ஊசி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஏரிக்கரையில் தங்கள் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திப்போகும்போதும், என்னைப் பார்த்தால் ஒரு கை தானாக முழங்கை மடிப்பைப் பொத்திக்கொள்ளும். ‘ஊசிக்கார அக்கா’ என்ற பேர் இனி என்னை விட்டுப் போகாது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதனால்தான், மதுரைப் பக்கமிருந்து வந்த டாக்டரம்மா ஒருவர், ‘தொழிலாளிகள் உடம்பில் ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறேன், உள்ளூர் ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும்’ என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, “ஊசி உண்டா?”

“கிடையாது. கத்தி, ஊசி எதுவும் கிடையாது” என்றார். என்ன, ஏது என்று மேற்கொண்டு விசாரிக்காமலே சரி சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் விசாரிக்காமல் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான்.

ஏனென்றால் எனக்கு ஒரு குணம். எதையும் கேட்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கூடையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் அன்று முழுக்க ஏதோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கும். டாக்டரம்மாவின் பெட்டிக்குள் இருந்து அந்தக் கருவி வெளியே வந்ததும் கேட்கத் தொடங்கியவள் அவர் மூச்சுத் திணறும்வரை விடவில்லை. பார்ப்பதற்குச் சுவரில் ஓட்டை போடும் டிரில் மிஷின் மாதிரி இருக்கும். கைப்பிடி, விசை, பின்னால் ஒரு சின்னத் திரை. முன்னால் துரப்பணம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண். அந்தக் கண்ணை முழங்காலுக்குக் கீழே, சதை குறைவாக இருக்கும் முன்னெலும்பில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே போல ஒரு கதிர், அதைவிட ரொம்பக் குறைவாக, உள்ளே போகும். எலும்பில் ஈயம் இருந்தால் அது தனக்கென்று உள்ள ஒரு விதத்தில் திரும்ப ஒளிருமாம். மிஷின் அதை எண்ணிக்கொள்ளும். மூன்று நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“எலும்புக்குள்ள ஈயம் எதுக்குப் போகுது டாக்டர்? அதுக்கு வேற எடமே இல்லையா?”

“எலும்புக்கு அதையும் சுண்ணாம்புச் சத்தையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சுண்ணாம்புன்னு நெனச்சு உள்ளே வாங்கி வச்சுக்கும்” என்றார். “ரத்தத்தில் இருக்கிறது இப்ப நடக்கிறதைச் சொல்லும். எலும்பில் இருக்கிறது பல வருஷக் கதையைச் சொல்லும்.”

எலும்பு இப்படி ஏமாந்துபோகும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட என் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் முதல் ஆளாக என் காலைத்தான் நீட்டினேன். சொல்லும்படியாக ஒன்றுமில்லை என்று வந்தது. உண்மையைச் சொன்னால் லேசாக ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நாங்கள் முதலில் போனது ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவுக்கு. சீசனுக்குள் அதை ஓட்டலாக மாற்றிவிட வேண்டும் என்று வேலை நடந்துகொண்டிருந்தது. வில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் பெயிண்டர் கூட்டம் ஒன்று ஜன்னல், கதவு, வராந்தாக் கம்பி என்று எல்லாவற்றிலும் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பட்டித் தகடும் உப்புத்தாளும் சரசரவென்று சத்தம் போட, வெள்ளைத் தூள் அவர்கள் கம்பளிக் குல்லா மேல் பனி மாதிரிப் படிந்திருந்தது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பார்களாம். மேலே புதுசு புதுசாக எத்தனை பூச்சு அடித்தாலும் அடியில் அது அப்படியே இருக்கும். சுரண்டுகிறபோதுதான் எழுந்து வரும்.

கருவியைப் பார்த்ததும் ஒருவன் கேட்டான். “டிரில் மிஷினுல்ல இது! எலும்புல ஓட்டை போட்டுட்டா பட்டி வச்சு அடைச்சிருவீங்களா?”

சிரிப்பு அடங்கியதும் பெரிய சிக்கல் வந்தது. நான் கீழே உட்கார்ந்தால்தான் மிஷினைப் பிடிக்க முடியும். எதிரே ஒரு முக்காலியில் காலை நீட்ட வேண்டும். யாரும் நீட்டவில்லை. மேஸ்திரி, நரைத்த மீசைக்காரர், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நல்லாருக்கே கதை. பொம்பளப்புள்ள கீழ உக்காந்திருக்கையில நான் காலை நீட்டுறதா? கையில பாருங்க தாயி.”

“கையில வச்சா மிஷினு வாயத் தெறக்காது அண்ணே. முன்னங்கால்தான்.”

“ஏலே, நீங்கள்லாம் எதுக்கு நின்னு பாக்குறீங்க? சோலியப் பாருங்கடா” என்று ஆட்களை விரட்டிவிட்டு, ஒருவழியாகக் காலை முக்காலியில் வைத்தார். மூன்று நிமிடமும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியபடியே இருந்தார். விரட்டப்பட்டவர்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவனும் காலை வைக்கும் முன் கை கூப்ப வேண்டும் என்பது அந்தப் பங்களாவில் சட்டமாகவே ஆகிப்போனது.

ஒரு ஆளை மூன்று நிமிடம் அசையாமல் உட்காரவைப்பது சுலபமில்லை. ஆனால் பேச்சுக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது கரும்பு தின்னக் கூலி. யார் வீட்டில் பூண்டு எப்படி வந்திருக்கிறது, மன்னவனூரில் பெண் எடுத்தவனுக்கு மாமனார் வீட்டிலிருந்து கேரட் மூட்டை வருகிறதா இல்லையா, எல்லாம் தெரிந்துகொண்டேன். அப்படித்தான் அந்தக் கூட்டத்தின் ஒரு வழக்கமும் தெரிய வந்தது.

பழைய பங்களாக்களில் வேலை செய்யும்போது உளுத்த ஜன்னல், கதவு நிலை, மரச்சட்டம் எல்லாம் கழற்றிப் போடப்படும். அதை இவர்கள் எறிவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி அதைப் பங்கு பிரிப்பார். மலையில் காய்ந்த விறகு என்பது சாதாரண விஷயமில்லை. சீகை மரத்து விறகை வெட்டி வந்து எத்தனை நாள் போட்டுவைத்தாலும் பனிமூட்டம் அதை ஈரமாகவே வைத்திருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். காஸ் சிலிண்டர் வீட்டுக்கு வீடு இருக்கிறது, ஆனால் அதை வைத்துக் குளிர் காய முடியாது. பங்களா மரமோ கூரைக்கடியில் காலம் காலமாகக் காய்ந்த தேக்கு. தீக்குச்சி கிழித்தால் பிடித்துக்கொள்ளும், புகை இருக்காது. அதில் யார் வீட்டில் பிள்ளைத்தாச்சியோ பச்சை உடம்புக்காரியோ இருக்கிறாளோ, அந்த வீட்டுக்கு முதல் பங்கு. அதுவும் நல்ல சட்டமாகப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பார்கள். மீதிதான் மற்றவர்களுக்கு.

“குளிர்ல கெடக்குற பொண்ணுக்குக் கணப்பு நல்லாருக்கணும்ல தாயி” என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு நிறைந்துபோனது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி, ‘நீங்களும் இருக்கீங்களே’ என்று ஒரு பிடி பிடித்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு இளைஞன் அதிகம் பேசமாட்டான். அவன் எலும்பில் ஓரளவு ஈயம் இருந்தது. எண்ணைச் சொன்னபோது அவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “என் வீட்டுக்காரிக்கும் பாக்கணும்க்கா. மூணு நாலு சீசன் என்கூடச் சேந்து சொரண்டுனவ அவ” என்றான்.

“கூட்டிட்டு வாங்க தம்பி.”

“முழுகாம இருக்கா” என்றார் மேஸ்திரி குறுக்கே.

டாக்டரம்மா உடனே தலையசைத்தார். கதிர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கு இந்தக் கருவியை வைக்கக்கூடாது என்பது விதி. பிரசவம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் நாங்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர். முக்காலியில் காலை நீட்டி வைத்துவிட்டு, “வையிங்க” என்றாள். கை கூப்பவில்லை.

டாக்டரம்மா விதியைச் சொன்னார். அவள் காலை எடுக்கவில்லை.

“ஊர்ல இருக்குற ஆம்பளைக காலுக்கெல்லாம் வச்சுப் பாக்குறீங்க. வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டுத் தவிக்கிறவளுக்கு இல்லையா? எனக்கு ரெண்டு தடவ நின்னு நின்னு கலைஞ்சுருச்சு மேடம். ரெண்டு தடவையும் தெரிஞ்ச அன்னைக்கே வேலைக்குப் போறத நிப்பாட்டுனேன். அடுப்படிய விட்டு நகரல. தண்ணி எடுக்கக்கூட விடல இவுக. அப்பிடியும் தங்கல. எதனாலன்னு ஒரு ஆஸ்பத்திரியிலயும் சொல்லல. பெயிண்டுல வெசம் இருக்குன்னு நீங்கதான் சொல்றீங்க. அது எனக்குள்ள இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. இதாவது எனக்குத் தங்கணும்.”

விதி போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நல்லதற்குத்தான் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான்தானே.

டாக்டரம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “எலும்பை இப்ப பார்க்க முடியாதும்மா. ரத்தத்தில் பார்க்கலாம். ஆனா அதுக்கு ஊசி போட்டுத்தான் எடுக்கணும்.”

“குத்துங்க. ஊசிக்குப் பயந்தா நான் இங்கன வந்திருப்பேனா?”

ஊசியே வேண்டாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கை கழுவப் போனேன். அவளுக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்ற புருஷனுக்கும் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்ல, அவன்தான் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஊசி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா போனில் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் மறக்கவில்லை. “குழாய் ரெண்டையும் மாத்தி வச்சுட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை என்று கத்தினேன். அவரும் விடவில்லை. “அப்படின்னா சொரண்டுறவனை விட வீட்டில் உட்கார்ந்திருக்கிறவ ரத்தத்தில் ஈயம் எப்படிப் பல மடங்கு இருக்கும்?”

மறுபடியும் எடுத்தோம். அவள் பேரை நானே மூன்று தடவை சரிபார்த்து ஒட்டினேன். அதே முடிவுதான் வந்தது.

இப்போது யோசித்தால், புருஷனுக்குக் குறைவாக இருந்ததில் புதிர் ஒன்றுமில்லை. மற்றவர்கள் பங்களாவில் சுரண்டிக்கொண்டிருக்க, அந்த மாதம் முழுக்க அவன் பின்பக்கத்துப் புதுக் கட்டடத்தில் புதுச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள்? வேலையை விட்டு மாதக்கணக்கில் ஆகிறது. ரத்தம் சொல்வதோ இப்போது நடப்பதை. அப்படியென்றால் அவள் வீட்டுக்குள் ஏதோ இப்போது, தினமும், நடந்துகொண்டிருக்கிறது. அது என்ன? பாவம் என்கிற நினைப்பு ஒரு பக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்புதான் பெரிதாக இருந்தது.

அந்த மிஷினுக்கு எலும்பு மட்டும்தான் என்றில்லை. சுவர், மண், பாத்திரம், துணி எதன்மேல் வைத்தாலும் ஈயம் இருந்தால் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில்பட்டி போனோம். சாலையிலிருந்து பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே இறங்கிப் போகவேண்டிய வீடு. ஒரே அறை, தகரக் கூரை, குளிர் காற்று நுழையாமல் ஜன்னலில் சாக்கை அடைத்திருந்தார்கள். மூலையில் அடுப்பு. அதற்குப் பக்கத்தில் மெத்தென்று பழைய கம்பளியை மடித்துப்போட்ட ஒரு இடம். “இவ எடம் அது” என்றான் புருஷன், கொஞ்சம் பெருமையாகவே.

மிஷின் ஓடும்போது அவள் உள்ளே இருக்கக்கூடாது. எனவே வீட்டுக்காரி வெளியே மூட்டத்துக்குள் நிற்க, நாங்கள் உள்ளே அவள் சாமான்களைக் குடைந்தோம். குங்குமத்தில் வைத்தோம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள்.

“என்னக்கா சொல்லுது?” வெளியிலிருந்து குரல்.

“ஒண்ணுமில்ல! அடுத்தது!”

கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது சீர் வரிசையோடு பரண் ஏறியது இன்னும் இறங்கவில்லை. அவன் ஸ்வெட்டரில் இருந்தது, அதுதானா என்று இரண்டு பேரும் குனிந்தோம். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஸ்வெட்டரைத் துவைத்தால் வாரக்கணக்கில் காயாது, அதனால் யாரும் துவைப்பதில்லை. ஆனாலும் அந்த அளவு ரத்தத்துக்குப் போதாது என்றார் டாக்டரம்மா. “என்னக்கா சொல்லுது?” என்று மறுபடியும் குரல். “பொறும்மா!” என்று நான் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் ஒரு விசித்திரம். ஒவ்வொரு பாத்திரமும் கொஞ்சம் கொஞ்சம் காட்டியது. எவர்சில்வர் தட்டு, அலுமினியச் சட்டி, போன மாதம் வாங்கிய புது டம்ளர் கூட. சுவரில் வைத்தால் வாசல் பக்கத்தில் குறைவு, அடுப்புப் பக்கம் போகப்போகக் கூடியது. கிட்டே வந்துவிட்டோம் என்று தெரிகிறது, எதன் கிட்டே என்றுதான் தெரியவில்லை.

“குளிருது” என்றாள் அவள் வெளியே. “உள்ள வர்றப்பவாச்சும் அடுப்பு எரியட்டும். மூட்டுங்க.”

புருஷன் பாய்ந்து எழுந்தான். அடுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு நீளச் சட்டத்தை உருவி, அரிவாளால் இரண்டு போடு போட்டான். ஒரு சில்லு தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேக்கு. மறுபக்கம் விளிம்பில், வெங்காயத் தோல் போல, பூச்சு மேல் பூச்சாக வெள்ளை, சந்தனம், பச்சை, மறுபடி வெள்ளை, அடியில் ஒரு சாம்பல் நிறம்.

“டாக்டர், இத வச்சுப் பாருங்க” என்றேன்.

திரையில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அடுத்து அடுப்புச் சாம்பல். அதில் வைத்ததும் எண் இன்னும் மேலே போனது.

“கெடச்சிருச்சு!” என்று நான் கத்தியேவிட்டேன்.

“என்னக்கா கெடச்சுச்சு?” அவள் குரலிலும் சந்தோஷம்.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் பாதிச் சட்டம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது. “வெறக பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டான் கண்டக்டரு” என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. “டவுன்லருந்து தலையில வச்சு நடந்தே கொண்டாந்தேன். எல்லாத்தயும்.”

என் சந்தோஷம் அங்கேயே செத்துப்போனது. இத்தனை நாள் அரித்த அரிப்புக்குப் பதில் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதல் பங்கு. நல்ல சட்டமாகப் பொறுக்கி எடுத்தது. புகை வராத விறகு. ஜன்னலில் சாக்கை அடைத்து, அடுப்புப் பக்கத்தில் கம்பளி போட்டு, பகல் முழுக்க அவளை அங்கேயே உட்காரவைத்திருக்கிறார்கள்.

வெளியே போய் நான்தான் சொன்னேன். அவள் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், மப்ளர் மேல் மூட்டம் முத்து முத்தாக நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

“அந்தச் சாம்பலத் தொட்டுத்தான் பாத்திரம் வெளக்குறேன்” என்றாள். அடுத்து, “மிச்சத்தப் பூண்டுப் பாத்தியிலதான் கொட்டுறோம்.” பிறகு என் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. “இப்ப என்னா செய்யணும்? வெரசாச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் விறகு ஒன்றுகூட இல்லை. சாம்பலை நனைத்து அள்ளிச் சாக்கில் கட்டினோம். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தோம், பாத்திரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், ஜன்னல் சாக்கை உருவி எறிந்தோம். காற்று விறுவிறுவென்று உள்ளே வந்தது. அவளை அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

மேஸ்திரியிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் குல்லாவைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். இப்படி எத்தனை வீட்டுக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் இருக்கவைத்த ஆள் அவர் ஒருவர்தான். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஒரு ஜீப்பை அமர்த்திக்கொண்டு, தான் கொடுத்த பங்கையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டு வாங்கினார். அவள் தங்கியிருந்த அக்கா வீட்டுக்கும், விறகு அங்கே இல்லை என்று தெரிந்தும், வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

“நாந்தான ஆத்தா எடுத்துக் குடுத்தேன்” என்றார்.

“நல்லா இருக்கணும்னுதான குடுத்தீங்க மாமா” என்றாள். “உள்ள வாங்க. டீ குடிங்க.” அவர் வாசலில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தடுத்து ரத்தம் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஈயம் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் என்னைப் பார்த்ததும் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு நீட்டுவாள். முடிவு வரும்வரை நான்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். டாக்டரம்மா நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார், “இறங்குது” என்று மட்டும் சொல்வார். அவளும் அதற்குமேல் கேட்கமாட்டாள். மாதங்கள் அப்படியே போயின.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அழுகையைக் கேட்டபோது நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பாட்டி என்று நினைத்திருப்பார்கள். தொப்புள் கொடி ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, பயப்படும்படி இல்லை, தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

குழந்தையோடு அவள் வில்பட்டிக்குத் திரும்பிய பிறகு, சொல்லியனுப்பினாள். போனோம். வீடு முழுக்கப் புகை. மேஸ்திரி முதல் பங்கை விடவில்லை, ஆனால் இந்தத் தடவை எல்லோருமாகக் காட்டோரத்திலிருந்து சீகை விறகு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அது எரிகிறதா அழுகிறதா என்று சொல்லமுடியாத விறகு. குழந்தையை அந்தப் புகைக்குள் வைக்காமல், புருஷன் வாசல் பக்கமாகத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். அறை நடுவில் ஒரு முக்காலி தயாராக இருந்தது. அவள் காலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

“இப்ப வைக்கலாம்ல?” என்றாள்.

குழந்தையை இன்னும் தள்ளி வெளியே அனுப்பிவிட்டு, நான் கீழே உட்கார்ந்து மிஷினை அவள் முன்னெலும்பில் ஒட்டிப் பிடித்தேன். மற்றவர்களிடம் மூன்று நிமிடமும் பேச்சுக் கொடுப்பவள், அன்று ஒன்றும் பேசவில்லை. பாதியில் வெளியே குழந்தை அழுதது. அவள் மார்பு நனைந்து ஜாக்கெட்டில் ஈரம் பரவியது. கால் அசையவில்லை.

திரையில் எண் வந்தது.

“இருக்கா?”

“இருக்கு” என்றார் டாக்டரம்மா. நீ சுரண்டிய காலத்திலிருந்து சேர்ந்தது, மெதுவாகத்தான் போகும், வருஷக்கணக்காகும், கேப்பையும் பாலும் கீரையும் விடாமல் சாப்பிடு, என்று பொறுமையாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு டாக்டரம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மொத ரெண்டு தடவயும் அந்த வெறகுதான்க்கா எரிச்சோம். அப்பயும் எங்களுக்குத்தான் மொதப் பங்கு. இப்ப எலும்புல இருக்குன்றீங்களே, இது அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் போனது போக மிச்சமாக்கா?”

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே திரிந்தவள் நான். கையில் இருந்த மிஷினைப் பார்த்தேன். அது எவ்வளவு என்று சொல்லும். யாருக்குப் போனது என்று அதற்குத் தெரியாது. அந்த விறகுதான் என்று அடித்துச் சொல்ல டாக்டரம்மாவாலும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

“தெரியலம்மா” என்றேன்.

அவள் உள்ளங்கையால் காலில் மிஷின் வைத்த இடத்தை ஒரு தடவை தடவினாள், குழந்தையைத் தடவுவது போலத்தான் இருந்தது. அசையாமல் வைத்திருந்ததில் மரத்துப்போய்விட்டது என்று சொல்லிக் காலைக் கீழே இறக்கி, வாசல் பக்கம் திரும்பிப் பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.